படத்தை விட்டுத் தாளைப் பாருங்கள்: பழைய பேஸ்பால் அட்டைகளில் போலியை அறியும் வழி

பழைய பேஸ்பால் அட்டை ஒன்றைக் கையில் வாங்கியதும் எல்லாருடைய கண்ணும் முதலில் ஆட்டக்காரரின் முகத்துக்குத்தான் போகும். போலி செய்பவருக்கு அதுவே வசதியாக அமைந்துவிடுகிறது. நல்ல ஸ்கேனரும் நல்ல பிரிண்டரும் இருந்தால் புகழ்பெற்ற ஆட்டக்காரரான பேப் ரூத்தின் கன்னச் சுருக்கம் வரை இன்று அப்படியே எடுத்துவிடலாம். ஆனால் 1909இல் சிகரெட் பெட்டிக்குள் வைப்பதற்காக வெட்டப்பட்ட அட்டையின் தாளையும், அந்தத் தாளில் ஊறி இறங்கிய மையையும் அவ்வளவு எளிதில் நகலெடுக்க முடியாது. ஆகவே முகத்தைப் பார்க்கும் ஆசையைச் சற்று அடக்கிக்கொண்டு, தாளையும் மையையும் முதலில் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கான வழிகளை நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

போலி எல்லா அட்டைகளிலும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. பணம் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் அதுவும் குவிகிறது. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட்டுடன் கொடுத்த, சேகரிப்பாளர்கள் டி206 என்று குறிப்பிடும் 524 அட்டைகளின் வரிசையில் ஹோனஸ் வாக்னரும் டை காப்பும்; பாஸ்டனின் கௌடி கம் கம்பெனி 1933இல் சூயிங்கத்துடன் வெளியிட்ட வரிசையில் பேப் ரூத்தின் நான்கு அட்டைகளும் லூ கெரிக்கும்; பௌமன் நிறுவனத்தின் 1951 வரிசையில் மிக்கி மேண்டிலும் வில்லி மேஸும்; டாப்ஸ் நிறுவனத்தின் 1952 வரிசையில் 311ஆம் எண்ணுள்ள மேண்டிலும்தான் மீண்டும் மீண்டும் போலியாக்கப்படுகிறார்கள். 2022இல் 1952ஆம் ஆண்டு மேண்டில் அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே ஆண்டில் வாக்னர் அட்டை ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. இப்படிப்பட்ட விலைகள் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் யாரோ ஒருவர் பிரிண்டருக்கு மை வாங்குகிறார் என்றே நான் நினைத்துக்கொள்வேன். போலி நாணயத்தில் ‘காப்பி’ என்று பொறிக்கப்பட வேண்டும் என அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. விளையாட்டு அட்டைகள் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை என்பதால், இந்தத் துறையில் வாங்குபவர் தம் கண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது.

என் கண் திறந்தது ஒரு தோல்வியில்தான். பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் பழைய பொருட் சந்தை ஒன்றில், மஞ்சள் பின்னணியில் பேப் ரூத் இருக்கும் 1933 கௌடி அட்டையை, அதாவது அந்த வரிசையின் 53ஆம் எண் அட்டையை, 300 டாலர் கொடுத்து வாங்கினேன். மூலைகள் மழுங்கியிருந்தன; நடுவே ஒரு மடிப்பு ஓடியது; அட்டை முழுவதும் இளம் பழுப்பு ஏறியிருந்தது. எண்பது ஆண்டுப் பழமை கண்ணெதிரே இருப்பதாக நம்பினேன். வீட்டுக்கு வந்து, நகைத் தொழிலாளர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸை எடுத்து, அட்டையைத் திருப்பிப் பின்புற எழுத்துகளைப் பார்த்தேன். கௌடி அட்டைகளின் பின்புறம் பச்சை மையில் அச்சிடப்பட்டது. பச்சை மை என்றால் அச்சகத்தில் பச்சையாகவே கலந்து உருளையில் ஊற்றிய மை. ஒவ்வொரு எழுத்தும் ஒரே பச்சையில், விளிம்பு சிதறாமல், முழுமையாக நிரம்பியிருக்க வேண்டும். என் அட்டையில் பச்சை என்ற ஒன்றே இல்லை. நீலப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் அருகருகே நின்று, தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றிக்கொண்டிருந்தன. எழுத்தின் ஓரமெல்லாம் மணல் கொட்டியதுபோல் இருந்தது. முன்பக்கத்து ரூத்தின் முகத்தை மணிக்கணக்கில் பார்த்திருந்தாலும் எனக்கு இது தெரிந்திருக்காது.

எனவே முதல் கருவி லென்ஸ். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் தொடக்கத்துக்குப் போதும். முப்பது மடங்கு உள்ளது இருந்தால் இன்னும் நல்லது. முதலில் வீட்டில் மாட்டியிருக்கும் நாட்காட்டிப் படத்தையோ வார இதழின் அட்டையையோ அதன் வழியே பாருங்கள். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள் சிறு சிறு பூக்கோலம்போல் ஒழுங்காக அமைந்திருப்பது தெரியும். அடுத்து, வீட்டுப் பிரிண்டரில் எடுத்த வண்ணப் படம் ஒன்றைப் பாருங்கள். அங்கே கோலம் இருக்காது, தெளித்த சாயம்போல் ஒழுங்கற்ற துளிகளே இருக்கும். லேசர் பிரிண்டரில் எடுத்ததாக இருந்தால், தாளின்மேல் ஒட்டிக்கொண்ட பொடியைப்போல மினுமினுப்பான துகள்கள் தெரியும். இந்த மூன்று வேறுபாடுகளும் கண்ணுக்குப் பழகிய பிறகு பழைய அட்டையை எடுங்கள்.

பழைய அட்டையில் முதலில் பார்க்க வேண்டியவை எழுத்துகளும், கோடுகளும், படத்தைச் சுற்றிய சட்டமும். 1952 டாப்ஸ் அட்டையின் முன்புறத்தில் ஆட்டக்காரரின் படம் புள்ளிகளால் ஆனதுதான், அதில் தவறில்லை. ஆனால் பெயர்க் கட்டத்துக்குள் இருக்கும் கறுப்பு எழுத்தும் கையொப்பமும் தனிக் கறுப்பு மையால் முழுமையாக விழுந்தவை. டி206 அட்டையின் அடியில், வெள்ளை ஓரத்தில், ஆட்டக்காரரின் பெயரும் அணியின் பெயரும் பழுப்பு மையில் இருக்கும். அந்தப் பழுப்பு ஒரே மையாக இருக்க வேண்டும். அசல் அட்டையை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடும் இயந்திரத்துக்குப் பழுப்பு என்ற தனி மை கிடையாது. அது சிவப்பையும் மஞ்சளையும் கறுப்பையும் புள்ளி புள்ளியாகச் சேர்த்தே பழுப்பைக் காட்ட முடியும். படம் எப்படி இருந்தாலும், எழுத்துக்குள் பல வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அந்த அட்டையை அங்கேயே கீழே வைத்துவிடலாம். இந்த ஒரு சோதனை மட்டுமே நான் பார்த்த போலிகளில் பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

டி206இன் படப் பகுதி கல்லச்சு முறையில், வண்ணத்தின்மேல் வண்ணமாகப் பல முறை அச்சிடப்பட்டது. லென்ஸில் பார்த்தால் பரந்த வண்ணப் பரப்புகளும் அவற்றின்மேல் ஒழுங்கில்லாமல் தூவிய புள்ளிகளும் தெரியுமே தவிர, இக்கால இதழ்களின் பூக்கோலம் தெரியாது. ஒரு வண்ணம் மயிரிழை விலகி விழுந்து, தொப்பியின் ஓரத்தில் சிறு நிழல்போல் நிற்பதும் உண்டு. அது அக்கால அச்சின் இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

லென்ஸுக்கு அடுத்தபடியாக நான் சொல்வது ஒரு செலவு. ரூத்தையோ மேண்டிலையோ வாங்க நினைப்பவர் அதற்கு முன்பு அதே வரிசையில், யாரும் தேடாத ஓர் ஆட்டக்காரரின் அட்டையை, நம்பகமான வியாபாரியிடமிருந்து, மூலை மழுங்கிய நிலையிலேனும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைக் காமன் என்பார்கள். பெரிய பெயர்களோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது. விலை சிறியது என்பதாலேயே இதைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவது அரிது. பொன்னை உரைத்துப் பார்க்கத் தட்டாரிடம் உரைகல் இருப்பதுபோல் இந்தக் காமன் அட்டை உங்கள் மேசையில் இருக்கட்டும். அதே ஆண்டில், அதே நிறுவனத்துக்காக, அதே வகைத் தாளில் அச்சான அட்டை என்பதால், சந்தேகத்துக்குரிய அட்டையை இதன் பக்கத்தில் வைத்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். மையின் ஆழம், தாளின் தடிமன், விரலில் உணரும் சொரசொரப்பு, பின்புறத்தின் நிறம் ஆகியவற்றை எந்த வழிகாட்டியாலும் சொற்களில் முழுமையாகச் சொல்லிவிட முடியாது, கை அறிந்துகொள்ளும். நான் வாங்கிய 1933 கௌடி காமன், பெயரே கேள்விப்படாத ஒரு பிட்சரின், அதாவது பந்து வீசும் ஆட்டக்காரரின், அட்டை. அதன் தாள் தடித்து, சற்றுப் பஞ்சுபோல் இருக்கும். என் போலி ரூத்தோ விரலில் வழுக்கியது.

உரைகல் கிடைத்துவிட்டால் பிற சோதனைகள் விரைவில் முடியும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிளக்கின் முன் பிடித்து, தாளின் வழியே எவ்வளவு ஒளி வருகிறது என்று பாருங்கள். ஒன்றில் வெளிச்சம் தாராளமாக வந்து மற்றொன்றில் வராமல் போனால் இரண்டும் ஒரே தாள் அல்ல. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறிய மின்னணுத் தராசு இருந்தால் இரண்டையும் எடைபோடுங்கள். தேய்மானத்தாலும் ஈரப்பதத்தாலும் சிறு வேறுபாடு வரலாம். பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் வேண்டும். அட்டையின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். பழைய தாளின் வெட்டு விளிம்பில் இழைகள் பழுத்து மங்கியிருக்கும். முகமும் முதுகும் பழுப்பாக இருந்து, நடுவே வெட்டு விளிம்பு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அந்தப் பழுப்பு வெளியிலிருந்து பூசப்பட்டது.

புற ஊதா விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஏமாறுபவர்கள் அதிகம். தாளை வெண்மையாகக் காட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் தாள் ஆலைகளில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. ஆகவே இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடிக்கும்போது, 1910ஐச் சேர்ந்ததாகவோ 1933ஐச் சேர்ந்ததாகவோ சொல்லப்படும் அட்டை நீலவெண்மையாகச் சட்டைக் காலர்போல் ஒளிர்ந்தால், அந்தத் தாள் அவ்வளவு பழையதாக இருக்க முடியாது. ஆனால் ஒளிரவில்லை என்பது அசலுக்குச் சான்று ஆகாது. ஒளிர்வூட்டி சேராத தாள் இன்றும் கிடைக்கிறது. பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களைக் கிழித்து அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். 1950களின் அட்டைகளுக்கு இந்தச் சோதனை இன்னும் பலவீனமானது. அங்கே உரைகல்லோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். இந்த விளக்கால் போலியைக் கழிக்கலாம். அசலை உறுதிப்படுத்த முடியாது.

அளவை மில்லிமீட்டரில் எடுங்கள். டி206 அட்டை ஏறத்தாழ 36.5க்கு 66.7 மில்லிமீட்டர், 1933 கௌடி 60.3க்கு 73, 1951 பௌமன் 52.4க்கு 79.4; 1952 டாப்ஸ் 66.7க்கு 95.3. இன்று நாம் பழகியிருக்கும் 63.5க்கு 88.9 என்ற அளவுக்கு டாப்ஸ் நிறுவனம் 1957இல்தான் வந்தது. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தாலே ஒரு பெரிய குழியைத் தாண்டிவிடலாம்: 1952 வரிசையை டாப்ஸ் நிறுவனமே 1983இல் மறுபதிப்பாக வெளியிட்டது, அது இன்றைய சிறிய அளவில் இருப்பது, பின்புறத்தில் மறுபதிப்பு என்ற குறிப்பும் உண்டு. மேண்டிலின் மறுபதிப்பை எடுத்து, அந்தக் குறிப்பைச் சுரண்டி, அசல் என்று விற்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். அளவுகோல் வைத்தால் அதை ஒரு நொடியில் பிடித்துவிடலாம். வேறு மறுபதிப்புகள் அசல் அளவிலேயே வருவதால், பின்புறத்தில் எங்கேனும் தாள் மெலிந்திருக்கிறதா, மேற்பரப்பு சுரண்டப்பட்டிருக்கிறதா என்று, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பார்ப்பதும் அவசியம். பழைய அட்டைகள் இயந்திரத்தில் கூட்டமாக வெட்டப்பட்டவை என்பதால் சிறு ஏற்றத்தாழ்வு இயல்பு. டி206இல் அமெரிக்கன் பியூட்டி என்ற சிகரெட்டின் விளம்பரம் பின்புறத்தில் உள்ள அட்டைகள் மற்றவற்றைவிடக் குறுகலாகவே இருக்கும்; அதைப் பார்த்து யாரோ வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பழமையைப் போலியாக ஏற்றும் வழிகள் சிலவே. தேநீரிலோ காப்பியிலோ நனைப்பது, அடுப்பில் வாட்டுவது, மூலைகளை உப்புத்தாளால் தேய்ப்பது, வேண்டுமென்றே மடிப்பது ஆகியவற்றைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். இயல்பான பழுப்பு பெரும்பாலும் காற்றும் கையும் படும் ஓரங்களில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். நனைத்த பழுப்பு எங்கும் ஒரே சீராகவோ, நீர் வற்றிய கோடுகளோடோ இருக்கும். இயல்பாக மழுங்கிய மூலையில் தாளின் அடுக்குகள் பிரிந்து, இழைகள் மென்மையாகி, அழுக்கு உள்ளே ஏறியிருக்கும். தேய்த்த மூலையில் இழைகள் எல்லாம் ஒரே திசையில் சீவிவிட்டதுபோல் நிற்கும். நான்கு மூலைகளும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்; ஒரு சிறுவன் சட்டைப்பையில் வைத்து, சைக்கிளில் சுற்றி, நண்பர்களோடு மாற்றிக்கொண்ட அட்டை அப்படிச் சீராகத் தேயாது. மடிப்பையும் லென்ஸில் பாருங்கள். உண்மையான மடிப்பில் மை உடைந்து, கீழே உள்ள தாள் தெரியும். மடிப்பின் வெடிப்புக்குள்ளும் மை தொடர்ந்து ஓடினால், அந்த மடிப்பு ஸ்கேனில் சேர்ந்து வந்த படமே தவிர மடிப்பு அல்ல. அப்படிப்பட்ட போலி மடிப்பின்மேல் விரலை ஓட்டினால் எதுவும் தட்டுப்படாது.

முழுப் போலியைவிடக் கடினமானது பாதிப் போலி. அசல் அட்டையையே எடுத்து, ஓரத்தை வெட்டிச் சீராக்குவது, நிறம் போன இடத்தில் பேனாவால் தீட்டுவது, மூலையைத் தாள் ஒட்டிக் கட்டுவது ஆகியவை இதில் அடங்கும். இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற அட்டையே இதற்குச் சான்று. பனிச்சறுக்குக் காலணியோடு ஐஸ் ஹாக்கி ஆடிப் புகழ்பெற்ற வேய்ன் கிரெட்ஸ்கி 1991இல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டை, அட்டைகளைச் சோதித்துப் பத்துக்கு மதிப்பெண் தரும் பி.எஸ்.ஏ. நிறுவனத்திடம் 8 என்ற உயர்ந்த மதிப்பெண் பெற்றது. அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ, 2013இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அதன் ஓரங்களைத் தாம் வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். வெட்டிய ஓரம் மற்ற ஓரங்களைவிடக் கூர்மையாகவும் புதிதாகவும் இருக்கும். சில சமயம் மூலை கொக்கிபோல் லேசாக வெளியே நீளும். நான்கு ஓரங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பேனாவால் தீட்டிய மை, புற ஊதா விளக்கில் அச்சு மையிலிருந்து வேறுபட்டுத் தெரியும்.

எழுத்தை மாற்றுவது இன்னொரு வகை. டி206இல் ஷெரி மகீ என்பவரின் பெயர் ஓர் அட்டையில் ஓர் எழுத்து பிழையாக அச்சாகி, பின்னர் திருத்தப்பட்டது. பிழையான அட்டைக்கு மிகப் பெரிய விலை. ஆகவே திருத்தப்பட்ட, விலை குறைந்த அட்டையில் அந்த ஓர் எழுத்தைச் சுரண்டி மாற்றுகிறார்கள். அசலான பிழை அட்டையின் பின்புறத்தில் பீட்மாண்ட் சிகரெட்டின் விளம்பரம் மட்டுமே இருக்கும். வேறு விளம்பரம் இருந்தால் லென்ஸையே எடுக்க வேண்டாம். வாக்னர் அட்டைக்கும் பின்புறத்தில் பீட்மாண்டோ ஸ்வீட் கேப்போரலோதான் வரும். அந்த அட்டையில் பிட்ஸ்பர்க் நகரின் பெயர் கடைசி எழுத்தான ‘எச்’ இல்லாமல் இருப்பதைப் பார்த்துப் போலி என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1891 முதல் 1911 வரை அமெரிக்க அரசின் அதிகாரபூர்வ எழுத்துமுறையே அதுதான். அசலில் அப்படித்தான் இருக்கும். சோதிக்கப் போகும் வரிசையைப் பற்றி ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து படிப்பது எந்தக் கருவியைவிடவும் பயன் தரும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிடப்பட்டு, மதிப்பெண்ணோடு வரும் அட்டைகளைப் பலரும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறார்கள். பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் தரும் உறையிலேயே போலி வந்துவிட்டது. சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள். ஆனால் எண் கிடைத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். வேறோர் அசல் அட்டையின் எண்ணையே போலி உறையில் அச்சிடுகிறார்கள். இணையதளத்தில் அந்த எண்ணுக்குப் படம் இருந்தால், படத்திலுள்ள கறை, மூலையின் நிலை, ஓர வெள்ளையின் அகலம் ஆகியவை உங்கள் கையில் இருப்பதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். உறையின் விளிம்பில் நெம்பித் திறந்து மறுபடி ஒட்டிய வெண்தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விற்பவரின் பேச்சும் ஒரு சோதனைதான். தாத்தாவின் பரணில் கிடைத்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்ற மூன்றும் ஒரே மூச்சில் வந்தால் விலகிவிடுங்கள். உண்மையிலேயே ஒரு சிறுவன் சேர்த்த தொகுப்பில் யாருக்கும் தெரியாத ஆட்டக்காரர்கள்தான் நிறைந்திருப்பார்கள்; ரூத், காப், வாக்னர், மேண்டில் மட்டும் வரிசையாக, எல்லாம் ஒரே மாதிரி பழுத்து வந்தால் அது யாரும் சேர்த்த தொகுப்பு அல்ல. இணைய ஏலத்தில் படம் மங்கலாக இருந்தால், பின்புறத்தையும் ஓரங்களையும் தெளிவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில். தலைப்பின் கடைசியில் ‘ஆர்.பி.’ என்று இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மறுபதிப்பு என்பதற்கான சுருக்கம். பின்னால் சண்டையிடும்போது விற்றவர் அதைத்தான் காட்டுவார்.

போலி என்று உறுதியானால் உடனே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கடன் அட்டை வழியாகவோ ஏல இணையதளத்தின் வழியாகவோ செலுத்தியிருந்தால் முறையிடும் காலக்கெடு குறுகியது. பணம் திரும்பாவிட்டாலும் அந்த அட்டையை வேறொருவரிடம் தள்ளிவிடாதீர்கள். எனக்கு அந்த ரூத்தை விற்றவரைப் பிறகு அந்தச் சந்தையில் நான் பார்க்கவேயில்லை. அழியாத மையில் அதன் பின்புறம் முழுவதும் ‘போலி’ என்று எழுதி, பெயர் தெரியாத அந்தப் பிட்சரின் அருகிலேயே வைத்திருக்கிறேன். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் வீட்டுக்கு வந்தால், லென்ஸைக் கையில் கொடுத்து, முதலில் பிட்சரின் பச்சை எழுத்தையும் பிறகு ரூத்தின் பச்சை எழுத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.